ஆள் அங்கே, எண் இங்கே

வியாபார விஷயமாக வெளிநாடு போகிறவர்கள் கிளம்புவதற்கு முன் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “எந்த கம்பெனி சிம் நல்லது?” புனேயில் வால்வு உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு சிறிய தொழிற்கூடத்துக்காக வருடத்தில் நாலைந்து முறை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவன் நான். அதனால் எனக்கு விடை தெரிந்திருக்கும் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் எதிர்பார்ப்பது ஒரு கம்பெனியின் பெயரை. நானோ இரண்டு கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன். எந்த ஊருக்குப் போகிறீர்கள்? அங்கே உங்கள் இந்திய எண்ணுக்கு என்ன வேலை?

முதல் கேள்விக்கு உடனே பதில் வரும். இரண்டாவது கேள்விக்கு ஒரு சிரிப்புதான் வரும். “பேசத்தான், வேறென்ன?” என்பார்கள். ஆனால் இன்று வெளிநாட்டில் இருக்கும்போது செல்போன் எண்ணில் பேசுகிறவர் யார்? வீட்டோடு வாட்ஸ்ஆப்பில் பேசுகிறோம். அலுவலகத்தோடு வீடியோவில் பேசுகிறோம். பேசுவதற்கு எண் தேவையில்லை, இணையம் போதும். எண்ணின் உண்மையான வேலை வேறு. நாம்தான் நாம் என்று வங்கிக்கும் வருமான வரித் துறைக்கும் ஆதாருக்கும் நிரூபிப்பது. ஆறு இலக்கங்களில் வந்து விழும் ஓ.டி.பி.யை வாங்கிக்கொள்வது.

தொடக்கத்தில் இப்படி இல்லை. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்துப் பேசியபோது இந்தியாவில் செல்போன் சேவை தொடங்கியது. அப்போது செல்போன் வைத்திருப்பது அந்தஸ்து. வரும் அழைப்புக்கும் காசு கொடுக்கவேண்டிய காலம். வெளிநாடு போகிறவர் அதை வீட்டில் விட்டுவிட்டுப் போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. போன இடத்தில் அது வேலை செய்யும் என்ற உத்தரவாதமும் இல்லை. இந்தியாவும் ஐரோப்பாவும் பயன்படுத்திய ஜி.எஸ்.எம். அலைவரிசைகள் வேறு, அமெரிக்கா பயன்படுத்தியவை வேறு. ஜப்பான் ஜி.எஸ்.எம். முறையையே ஏற்கவில்லை. டோக்கியோ போகிறவர்கள் நரிதா விமான நிலையத்தில் போனை வாடகைக்கு எடுத்தார்கள். எண் மாறினால் என்ன, ஊரில் இருப்பவர்களுக்குப் புதிய எண்ணைச் சொன்னால் போதும் என்று இருந்தது.

இன்று போன் உலகெங்கும் வேலை செய்கிறது. ஆனால் எண்ணை மாற்ற முடியாது. ஆன்லைனில் கார்டு மூலம் பணம் செலுத்துவதற்கு இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்று 2009இல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. நல்ல நோக்கம்தான். மோசடி குறைந்தது. அதன் பிறகு ஒவ்வொரு துறையும் அதே எண்ணில் ஒரு முளையை அடித்து நம்மைக் கட்டிவைத்தது. யு.பி.ஐ. செயலியைப் புதிய போனில் பதிவு செய்ய வேண்டுமானால், வங்கியில் கொடுத்த எண்ணின் சிம்மிலிருந்தே ஒரு எஸ்.எம்.எஸ். போகவேண்டும். வாட்ஸ்ஆப் போன்ற செயலிகளும், பதிவு செய்த சிம் போனுக்குள் இருந்தால்தான் இயங்கவேண்டும் என்று 2025 நவம்பரில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எஸ்.எம்.எஸ். அல்லாத சரிபார்ப்பு முறைகளுக்கும் இடமளித்து அதே ஆண்டு செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதிகளை வெளியிட்டது என்பது ஆறுதல். ஆனாலும் இந்திய சிம்மைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டு, போகிற ஊரில் ஒரு சிம் வாங்கிக்கொள்வது என்ற பழைய சிக்கன யோசனை இனி சிக்கனம் அல்ல.

ஆக, இந்திய சிம் போனில் இருந்தே ஆகவேண்டும். அது அங்கே எப்படி உயிரோடு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நம் செல்போன் கம்பெனிக்கு ஜெர்மனியில் டவர் கிடையாது. இருப்பதெல்லாம் ஒப்பந்தம். ஃபின்லாந்தின் அரசுத் தொலைபேசி நிறுவனமும் பிரிட்டனின் வோடஃபோனும் 1992இல் செய்துகொண்டதுதான் இந்த வகையில் முதல் ஒப்பந்தம். இன்றும் அடிப்படை அதுதான். விமானம் இறங்கி போனை உயிர்ப்பித்ததும், சிம் தன் எண்ணைச் சொல்கிறது. அது 404 அல்லது 405 என்று தொடங்கினால் இந்திய சிம். உடனே அங்கிருக்கும் நெட்வொர்க் இந்தியாவைக் கேட்கிறது: “இவர் உங்கள் ஆளா? இவருக்காகப் பணம் தருவீர்களா?” நம் கம்பெனி ஆம் என்று சொல்லிவிட்டு, ஆள் இப்போது இன்ன நாட்டில், இன்ன நெட்வொர்க்கில் இருக்கிறார் என்று தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. பிறகு வரும் எஸ்.எம்.எஸ். அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் நம்மைத் தேடி வருகிறது.

இதன் பொருள் எளிது. வெளிநாட்டுப் பயணத்துக்கு ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது என்பது அதன் டவர்களைத் தேர்ந்தெடுப்பது அல்ல. அதன் ஒப்பந்தங்களைத் தேர்ந்தெடுப்பது. ஒரே நாட்டில் மூன்று நான்கு நெட்வொர்க்குகள் இருக்கும். அவற்றில் எதனோடு ஒப்பந்தம், எதில் டேட்டா மட்டும், எதில் எஸ்.எம்.எஸ். ஒழுங்காக வருகிறது என்பதெல்லாம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். விளம்பரத்தில் இவை இருப்பதில்லை. எத்தனை நாடுகள், எத்தனை ஜி.பி., எத்தனை நாள் என்பதுதான் பெரிய எழுத்தில் இருக்கும்.

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது ஜெர்மனியில் ஹானோவர் தொழிற்காட்சிக்குப் போயிருந்த ஒரு முறை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே ரோமிங் திட்டத்துக்குப் பணம் கட்டி, உறுதிச் செய்தியும் வந்திருந்தது. இறங்கியதும் டேட்டா வந்தது, வாட்ஸ்ஆப் வந்தது, மின்னஞ்சல் வந்தது. எல்லாம் சரி என்றே தோன்றியது. மூன்றாம் நாள் எங்கள் தொழிற்கூடத்தில் சம்பள நாள். பட்டியலைப் புனேயில் கணக்காளர் வங்கித் தளத்தில் ஏற்றுவார். நான் ஒப்புதல் கொடுத்தால் 34 பேருக்குப் பணம் போகும். ஒப்புதலுக்கு ஓ.டி.பி. வேண்டும். அது வரவில்லை. மீண்டும் கேட்டேன், வரவில்லை. மூன்றாம் முறையும் இல்லை. போனில் சிக்னல் கோடுகள் முழுசாக நிற்கின்றன. வீடியோவில் கணக்காளரின் முகம் பளிச்சென்று தெரிகிறது. ஆறு இலக்கங்கள் மட்டும் வரவில்லை.

வாடிக்கையாளர் சேவை மையத்தில் பேசிய முதல் இருவரும் போனை அணைத்துப் போடச் சொன்னார்கள். அதைச் செய்து பார்த்த பிறகுதான் கூப்பிட்டிருந்தேன். நாற்பது நிமிடம் கழித்து இணைப்புக்கு வந்த மூன்றாமவர் ஒரு கேள்வி கேட்டார்: “சார், போனில் எந்த நெட்வொர்க்கின் பெயர் தெரிகிறது?” சொன்னேன். “தானாகத் தேர்ந்தெடுப்பதை நிறுத்திவிட்டு, இன்னொரு நெட்வொர்க்கை நீங்களே தேர்ந்தெடுங்கள்” என்று பெயரையும் சொன்னார். இரண்டு நிமிடத்தில் ஏழு எஸ்.எம்.எஸ். ஒன்றாக வந்து கொட்டின. எல்லாம் காலாவதியானவை. எட்டாவதாகக் கேட்டு வாங்கியது வேலை செய்தது. புனேயில் அப்போது இரவு ஒன்பது மணி தாண்டியிருந்தது. பணம் அன்றிரவே போய்விட்டது. ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் மூன்று பேர் கணக்காளரைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு மறுநாள் காலை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடைசி நாள். ஜி.பி. கணக்கு பார்த்துத் திட்டம் விற்கிறவர்களுக்கு இது தெரிய நியாயமில்லை.

அன்றிலிருந்து என் கணக்கு மாறிவிட்டது. எண் வேறு, டேட்டா வேறு. இரண்டையும் ஒரே கம்பெனியிடம் ஒரே திட்டமாக வாங்கவேண்டிய அவசியம் இல்லை. எண்ணுக்கு நம்பகம் முக்கியம், டேட்டாவுக்கு விலை. இரண்டு சிம் போடும் போன்கள் வந்த பிறகு, அதிலும் இ-சிம் வந்த பிறகு, இது சுலபம். இந்திய சிம்மில் டேட்டா ரோமிங்கை அணைத்துவிட்டு, குறைந்த விலைத் திட்டத்தில் எஸ்.எம்.எஸ். வாங்க மட்டும் வைத்துக்கொள்ளலாம். டேட்டாவை அந்த ஊரின் சிம்மிலோ பயணிகளுக்கான இ-சிம்மிலோ எடுத்துக்கொள்ளலாம்.

ஐரோப்பாவில் இது நன்றாகவே பலன் தருகிறது. 2017 ஜூன் 15 முதல் ஐரோப்பிய யூனியனுக்குள் ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. ஜெர்மனியில் வாங்கும் சிம் பாரிஸிலும் ரோமிலும் அதே விலையில் வேலை செய்யும். நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன் ஆகியவையும் இதில் அடக்கம். சுவிட்சர்லாந்து அடக்கமில்லை. பிரிட்டன் வெளியேறிவிட்டதால் அதுவும் இல்லை. இந்த இரண்டையும் மறந்துவிட்டுப் போகிறவர்களுக்குத்தான் செலவு. பாசல் நகரம் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் கூடும் மூலையில் இருக்கிறது. அதன் விமான நிலையமே பிரான்ஸ் மண்ணில்தான் இருக்கிறது. அங்கே ஒரு தெருவில் நடக்கும்போதே போன் நாடு மாறிவிடக்கூடும். எல்லைப்புற ஊர்களில் நெட்வொர்க்கை நாமே தேர்ந்தெடுத்து நிறுத்திவைப்பது நல்லது.

ஆனால் இதே கணக்கை சீனாவுக்குப் பொருத்த முடியாது. ரோமிங்கில் இருக்கும் இந்திய சிம்மின் டேட்டா பெரும்பாலும் இந்தியாவுக்குப் போய்த்தான் இணையத்தைத் தொடுகிறது. ஹானோவரில் இருந்துகொண்டு பக்கத்துத் தெரு ஹோட்டலைத் தேடினாலும், கேள்வி இந்தியா போய்த் திரும்பும். வேகம் குறைவதற்கு இது ஒரு காரணம். ஜெர்மனியில் இது தலைவலி. சீனாவில் இதுவே வரம். குவாங்சோவில் வருடத்துக்கு இரண்டு முறை நடக்கும் கான்டன் வர்த்தகக் கண்காட்சிக்குப் போகிறவர்கள், அங்கே வாங்கிய சிம்மிலும் ஹோட்டல் வைஃபையிலும் கூகுளும் ஜிமெயிலும் வாட்ஸ்ஆப்பும் திறக்காமல் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். இந்திய சிம்மின் ரோமிங் டேட்டாவில் அவை திறக்கின்றன. காரணம், அந்த டேட்டா சீனாவின் தடுப்புச் சுவருக்கு வெளியே போய் இணையத்தைத் தொடுகிறது. அங்கே ரோமிங்குக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் அல்ல.

அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிறவர்கள் கேட்கவேண்டிய கேள்வி வேறு. அமெரிக்காவில் பெரிய கம்பெனிகள் மூன்றும் 2022க்குள் 3ஜி சேவையை மூடிவிட்டன. ஆஸ்திரேலியாவில் 2024இல் மூடினார்கள். சிங்கப்பூர் 2ஜியை 2017லேயே மூடிவிட்டது. இப்படிப்பட்ட இடங்களில் சாதாரணக் குரல் அழைப்பும் 4ஜி வழியாகத்தான் போகவேண்டும். வோல்டி என்று இதற்குப் பெயர். நம் கம்பெனி அந்த ஊர் நெட்வொர்க்கோடு வோல்டி ரோமிங் ஒப்பந்தம் செய்திருக்க வேண்டும். நம் போனுக்கும் அந்த நெட்வொர்க் ஒத்துவர வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் டேட்டா வரும், குரல் வராது. வாட்ஸ்ஆப் இருக்கிறதே என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. வாடகைக் கார்க்காரர், ஹோட்டல், ஆஸ்பத்திரி எல்லோரும் சாதாரண அழைப்பில்தான் கூப்பிடுவார்கள்.

திட்டத்தின் “ஒரு நாள்” என்பது எந்த நாள் என்று கேட்டுவைத்துக்கொள்வதும் அவசியம். போனைப் பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்து 24 மணி நேரமா, அல்லது இந்திய நேரப்படி நள்ளிரவு வரையா? இந்திய நேரம் என்றால், கோடைக்கால ஜெர்மனியில் இரவு 8.30 மணிக்கே நாள் முடிந்துவிடும். நியூயார்க்கில் பிற்பகல் 2.30 மணிக்கு. காலையில் இறங்கி மறுநாள் காலையில் திரும்பும் ஒருவருக்கு, ஒரு நாள் பயணத்துக்கு இரண்டு நாள் கட்டணம்.

வரும் அழைப்புகளையும் கணக்கில் சேருங்கள். இந்தியாவில் 2003 முதல் வரும் அழைப்பு இலவசம் என்பதால் அது நம் ரத்தத்தில் ஊறிவிட்டது. வெளிநாட்டில் அப்படி இல்லை. கூப்பிடுகிறவர் உள்ளூர் அழைப்புக்கான காசைத்தான் கொடுக்கிறார். கடல் தாண்டி வரும் தூரத்துக்கு நாம் கொடுக்கிறோம். தனிநபர் கடன் வேண்டுமா என்று காலை பத்து மணிக்கு மும்பையிலிருந்து கூப்பிடும் பெண்ணுக்கு, நியூயார்க்கில் அப்போது நள்ளிரவு 12.30 என்பதும், அந்த விசாரிப்புக்கு நாம் காசு கொடுக்கிறோம் என்பதும் தெரியாது. விமானத்துக்குள்ளும் கப்பலிலும் செயற்கைக்கோள் வழியாகக் கிடைக்கும் இணைப்பு தனி ரகம். சாதாரண ரோமிங் திட்டம் அங்கே பொதுவாகச் செல்லாது. விமானம் கிளம்பும்போது ஏர்ப்ளேன் மோடில் போடுவது பாதுகாப்புக்கு மட்டுமல்ல, பர்ஸுக்கும் நல்லது.

இவை எல்லாவற்றையும் விசாரித்த பிறகு, நம் கம்பெனி சரிப்படாது என்று தெரிந்தால்? மாறலாம். எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இருக்கிறது. ஆனால் விசா கைக்கு வந்த பிறகு அந்த வேலையில் இறங்கக்கூடாது. ஒரே வட்டாரத்துக்குள் மாற மூன்று வேலை நாட்கள் ஆகும். இப்போதைய கம்பெனியில் 90 நாளாவது இருந்திருக்க வேண்டும். அதோடு, தொலைந்த சிம்முக்குப் பதிலாக மாற்று சிம் வாங்கினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்.எம்.எஸ். நிறுத்திவைக்கப்படும். சிம் மோசடியைத் தடுக்க 2022இல் தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்த ஏற்பாடு அது. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் விமான நிலையம் போகும் வழியில் சிம்மை மாற்றுகிறவர், ஊர் போய்ச் சேரும்வரை வங்கிக்கு அந்நியர்.

ப்ரீபெய்டா போஸ்ட்பெய்டா என்பதும் இதில்தான் வருகிறது. செலவு கைமீறாது என்பதால் பலர் ப்ரீபெய்டை விரும்புகிறார்கள். நான் எண்ணுக்கு மட்டும் போஸ்ட்பெய்டு வைத்திருக்கிறேன். பாதிப் பயணத்தில் ப்ரீபெய்டு திட்டம் முடிந்து சேவை நின்றுவிட்டால், ரீசார்ஜ் செய்ய கார்டு வேண்டும். கார்டுக்கு ஓ.டி.பி. வேண்டும். அந்த ஓ.டி.பி. வரவேண்டியது சேவை நின்றுபோன அதே போனுக்கு. ஊரில் இருக்கும் யாராவது நமக்காக ரீசார்ஜ் செய்தால்தான் உண்டு. தனியாகப் பயணம் போகிறவர், அந்த யாராவது யார் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிட வேண்டும்.

1990களின் நடுவில் மாநகரங்களில் ஆளுக்கு இரண்டு தனியார் கம்பெனிகள் இருந்தன. நடுவில் ஒரு டஜனுக்கு மேல் வந்து போயின. இன்று மிஞ்சியிருப்பவை மூன்று தனியார் கம்பெனிகளும் பி.எஸ்.என்.எல்.லும். இவற்றில் எது சிறந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. ஜெர்மனிக்குச் சிறந்தது வியட்நாமுக்குச் சிறந்ததாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. ஒப்பந்தங்கள் மாறும்போது, போன வருடம் சரியாக இருந்தது இந்த வருடம் சறுக்கவும் கூடும். ஆகவே கம்பெனிகளிடம் கேளுங்கள். நான் போகும் ஊரில் எந்தெந்த நெட்வொர்க்கோடு உங்களுக்கு ஒப்பந்தம்? எதில் இந்தத் திட்டம் செல்லும்? வங்கி எஸ்.எம்.எஸ். அதில் வருமா, அதற்குக் காசு உண்டா? வோல்டி ரோமிங் உண்டா? என் போன் செத்துவிட்டால் வேறொரு போனிலிருந்து கூப்பிட என்ன எண்? அந்த எண்ணை இந்திய நேரம் விடியற்காலை மூன்று மணிக்கு யார் எடுப்பார்கள்?

கடைசிக் கேள்விக்கான விடையை அவர்கள் சொல்லக் கேட்காதீர்கள். கிளம்புவதற்கு முன் ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு நீங்களே கூப்பிட்டுப் பாருங்கள். யார் எடுக்கிறார், எவ்வளவு நேரத்தில் எடுக்கிறார், “எந்த நெட்வொர்க்கின் பெயர் தெரிகிறது?” என்று கேட்கத் தெரிந்தவரா என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். எத்தனை ஜி.பி. என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது எந்த ஊரிலும் விலைக்குக் கிடைக்கிறது.